நகரும் வீடு வாங்கி வாடகைக்கு விடலாமா? குயிலாப்பாளையம் சொல்லும் கணக்கு

செல்போனில் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே போனால் அடிக்கடி கண்ணில் படும் காட்சி இது. செம்மண் தரை, சுற்றிலும் முந்திரி மரங்கள், நடுவே பளிச்சென்று பெயின்ட் அடித்த ஒரு கன்டெய்னர் வீடு. வாசலில் இரண்டு நாற்காலி, மேலே மஞ்சள் விளக்குச் சரம். பின்னணியில் ஒரு குரல்: “நிலமே வாங்க வேண்டாம். பெட்டியை மட்டும் வாங்கிப் போடுங்க, வாடகை வந்துகிட்டே இருக்கும். இடம் செட் ஆகலையா, தூக்கிட்டுப் போய் வேற இடத்துல வச்சுக்கலாம்!”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும், பத்துப் பன்னிரண்டு லட்சம் சேர்த்து வைத்திருக்கும் ஒருவருக்கு இது கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்தப் பணத்தில் நகரத்தில் ஃபிளாட் வாங்க முடியாது. நல்ல மனைகூடக் கிடைக்காது. ஆனால், ஒரு கன்டெய்னர் வீடு கிடைக்கும். வார இறுதியில் நாமே போய்த் தங்கலாம், மற்ற நாளில் வாடகை வரும்.

இந்த யோசனை தேறுமா, தேறினால் யாருக்குத் தேறும் என்று பார்க்க விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் உள்ள குயிலாப்பாளையம் நல்ல உதாரணம்.

குயிலாப்பாளையத்தில் ஏன் இந்த மவுசு?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருந்து ஆரோவில்லுக்குத் திரும்பும் வழியில் இருக்கும் கிராமம் இது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது, முந்திரித் தோப்பும் மானாவாரி நிலமும்தான் இங்கே அதிகம். இன்று சாலையின் இருபுறமும் கஃபே, பேக்கரி, டூவீலர் வாடகைக் கடை, கெஸ்ட் ஹவுஸ். புதுச்சேரி பக்கத்திலேயே. கடற்கரைக்கு வண்டியில் சில நிமிடம். சென்னையில் இருந்து மூன்று மணி நேரப் பயணம்.

ஆள் வருகிறார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. டிசம்பர் முதல் மார்ச் வரை வெளிநாட்டவர்களும் நீண்ட நாள் தங்குபவர்களும் வருகிறார்கள். மற்ற மாதங்களில் பெரும்பாலும் வார இறுதிக் கூட்டம். ஆனால் ஒரு ஊருக்குச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள் என்பது வேறு, அங்கே போடப்பட்ட ஒரு இரும்புப் பெட்டி லாபம் தரும் என்பது வேறு. இரண்டுக்கும் நடுவில் சட்டம், புயல், உப்புக் காற்று, நிலம், கணக்கு என ஐந்து விஷயங்கள் நிற்கின்றன.

‘நகரும் வீடு’ என்று எதைச் சொல்கிறார்கள்?

நம்மூரில் மூன்று வேறு பொருள்களை இதே பெயரில் விற்கிறார்கள்.

முதலாவது, கன்டெய்னர் வீடு. கப்பலில் சரக்கு ஏற்றிய பழைய பெட்டியை வெட்டி, ஜன்னல் வைத்து, உள்ளே பலகை அடித்துத் தருவது. 20 அடிப் பெட்டி என்றால் சுமார் 160 சதுர அடி, 40 அடி என்றால் 320 சதுர அடி. இது வெளி அளவு. உள்ளே வெப்பத்தடுப்பு அடித்த பிறகு இன்னும் குறையும்.

இரண்டாவது, போர்ட்டபிள் கேபின். இரும்புச் சட்டத்தில் பேனல்களைப் பொருத்தி, தொழிற்சாலையிலேயே செய்து லாரியில் கொண்டுவந்து இறக்குவது. கட்டுமான சைட்டுகளில் ஆபீஸாக நிற்பதன் அழகான பதிப்பு என்று சொல்லலாம்.

மூன்றாவது, கேரவன். நிஜமாகவே சக்கரம் உள்ளது. இது வீடு அல்ல, வாகனம். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் இழுத்துச் செல்லும் டிரெய்லரும் மோட்டார் வாகனம்தான். ஆர்.டி.ஓ. பதிவு, இன்சூரன்ஸ் எல்லாம் வேண்டும். வாடகைக்கு ஓட்டினால் தகுதிச் சான்றும் பெர்மிட்டும் சேரும். கேரவன் கட்டமைப்புக்கென்றே ஏ.ஐ.எஸ். 124 என்ற தரநிலையும் இருக்கிறது.

ரீல்ஸில் வருவது பெரும்பாலும் முதல் இரண்டும்தான். அவற்றுக்குச் சக்கரம் கிடையாது. நகர்த்த வேண்டுமானால் கிரேனும் டிரெய்லர் லாரியும் வர வேண்டும். செம்மண் பாதையில், மரக்கிளைகளுக்கும் மின்கம்பிகளுக்கும் அடியில் 40 அடி வண்டி திரும்ப இடமும் வேண்டும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் இருந்து. அங்கே ‘மொபைல் ஹோம்’ என்பது பெரிய சந்தை. 1976 ஜூன் 15 முதல் இவற்றுக்கென்று நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமானத் தரம் அமலில் இருக்கிறது. வீடுகளை வரிசையாக நிறுத்த ‘பார்க்’ உண்டு. தண்ணீர், கழிவுநீர், மின்சாரம் எல்லாம் அங்கே தயாராக இருக்கும். பல பார்க்குகளில் வீடு குடியிருப்பவருக்குச் சொந்தம், அது நிற்கும் இடம் மட்டும் மாத வாடகைக்கு.

அந்த அனுபவத்தில் இருந்து இரண்டு பாடங்கள். ஒன்று, பெயர்தான் மொபைல் ஹோம். ஒரு முறை இறக்கிவிட்டால் பெரும்பாலானவை அங்கேயே நின்றுவிடுகின்றன, ஏனென்றால் இடம் மாற்றும் செலவு அவ்வளவு. இரண்டு, இந்தத் தொழிலில் பெரிய முதலீட்டாளர்கள் போட்டி போட்டு வாங்குவது பார்க்கைத்தான், அதாவது நிலத்தை. இட வாடகை ஏறினால் வீட்டுக்காரரால் எளிதில் கிளம்பிப் போக முடியாது. அந்தப் பிடிதான் அங்கே லாபம்.

ரீல்ஸ் நமக்கு விற்பது அந்த ஏற்பாட்டின் பலவீனமான பாதியை. நிலம் இன்னொருவருக்கு, பெட்டி நமக்கு.

இந்தியாவிலும் முயற்சிகள் உண்டு. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது. கேரவன் பார்க் அமைக்கக் குறைந்தது 50 சென்ட் நிலமும் ஐந்து வண்டி நிறுத்தும் வசதியும் வேண்டும் என்று அதில் வரையறுத்தார்கள். தமிழகத்தின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலா இடம்பெற்றது. ஆனால் இவை ஓடும் வண்டிக்கும் அது நிற்கும் பார்க்குக்குமான ஏற்பாடுகள். தோப்பில் இறக்கி வைத்த கன்டெய்னருக்கு இதில் தனிச் சலுகை இருப்பதாக நினைத்துக்கொள்ளக் கூடாது.

அசையும் சொத்தா, அசையாச் சொத்தா?

இதுதான் மொத்த விஷயத்தின் முடிச்சு. “இது கட்டடமே இல்லை சார், அப்ரூவல் எதுவும் வேண்டாம்” என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்வது. அது அவ்வளவு எளிது அல்ல.

உள்ளாட்சிச் சட்டங்களில் ‘கட்டடம்’ என்ற சொல்லுக்கு அர்த்தம் ரொம்ப விரிவானது. செங்கல், மரம், மண், உலோகம் என எதனால் ஆனாலும் அந்தக் கட்டமைப்பு கட்டடம்தான். தமிழ்நாடு நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம் (1971), கட்டடம் எழுப்புவதை மட்டுமல்ல, நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவதையும் ‘மேம்பாடு’ என்றே பார்க்கிறது. புஞ்சை நிலத்தில் பெட்டியை இறக்கி, கழிப்பறை வைத்து, ஆட்களைத் தங்க வைத்துக் காசு வாங்கினால், அது இனி விவசாய நிலமாகப் பயன்படவில்லை என்பது யாருக்கும் தெரியும்.

ஒரு பொருள் அசையாச் சொத்தா என்று நீதிமன்றங்கள் பார்க்கும்போது, அது நிலத்தோடு எந்த அளவுக்கு, எந்த நோக்கத்துக்காகப் பிணைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்கின்றன. கான்கிரீட் அடித்தளம் போட்டு, வெல்டிங் வைத்து, செப்டிக் டேங்க் இணைத்து, வருடக்கணக்கில் அங்கேயே நிறுத்துவதுதான் நோக்கம் என்றால் ‘இது நகரும் பொருள்’ என்ற வாதம் பலவீனமாகிவிடும்.

சரி, அசையும் பொருள் என்றே வைத்துக்கொண்டால்? அங்கேயும் இழப்பு இருக்கிறது. வீட்டுக் கடன் என்பது அசையாச் சொத்தை அடமானமாக வைத்துத் தருவது. பெட்டிக்கு அது கிடைப்பது கஷ்டம். கிடைப்பது பெரும்பாலும் பர்சனல் லோன், அதற்கு வட்டி அதிகம். வருமான வரியிலும் வீட்டு வாடகைக்குக் கிடைக்கும் 30 சதவீத நிலையான கழிவு, கட்டடத்துக்கும் அதைச் சேர்ந்த நிலத்துக்கும் உரியது. பெட்டியில் தினக் கட்டணத்துக்கு ஆள் தங்க வைப்பது பெரும்பாலும் தொழில் வருமானமாகத்தான் பார்க்கப்படும். அப்போது செலவுகளையும் தேய்மானத்தையும் கழித்துக்கொள்ளலாம், ஆனால் கணக்கு வழக்கு ஒழுங்காக வைக்க வேண்டும்.

புயல் வந்தால்?

மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2020 நவம்பர் 25 நள்ளிரவை ஒட்டி நிவர் புயல் புதுச்சேரிக்கு வடக்கே மரக்காணம் பக்கம் கரையேறியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் வந்தபோது காற்றைவிட மழைதான் அடித்து நொறுக்கியது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. பதிவானது.

காற்றுச் சுமைக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 875 (மூன்றாம் பகுதி). அதில் புதுச்சேரிக்குத் தரப்பட்டிருக்கும் அடிப்படைக் காற்று வேகம் விநாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கி.மீ. அந்த வேகத்தில் காற்று, தன் எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 150 கிலோ எடையின் விசையோடு தள்ளும்.

40 அடிக் கன்டெய்னரின் நீளப் பக்கம் சுமார் 32 சதுர மீட்டர். ஆக, பக்கவாட்டில் விழும் தள்ளு விசை கிட்டத்தட்ட 4.8 டன். காலிப் பெட்டியின் எடையோ 4 டன்னுக்கும் கொஞ்சம் கீழே. உள்ளே பலகை, கட்டில், கழிப்பறை என்று சேர்த்தால் எடை கூடும். ஆனாலும் வெறும் கல் மேலே தூக்கி வைத்த பெட்டி, அந்தக் காற்றில் நகரலாம், சாயவும் செய்யலாம். இது தோராயக் கணக்குதான். பெட்டியின் வடிவம், சுற்றியுள்ள மரங்கள், தரையில் இருந்து உயரம் எல்லாவற்றையும் வைத்துக் கட்டுமானப் பொறியாளர்தான் சரியாகச் சொல்ல முடியும். ஆனால் ‘இரும்பு கனமா இருக்கே, என்ன ஆகப்போகுது’ என்று விட்டுவிட முடியாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

அமெரிக்கா இதைப் பட்டுத்தான் கற்றுக்கொண்டது. 1992-ல் ஃபுளோரிடாவைத் தாக்கிய ஆண்ட்ரூ புயலில் ஏராளமான மொபைல் ஹோம்கள் நொறுங்கின. அதன் பிறகு 1994-ல் காற்றுக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன.

தீர்வு தெரிந்ததுதான். ஆழமான கான்கிரீட் அடித்தளம், அதில் இரும்புத் தகடு பதித்து, பெட்டியின் நான்கு மூலைகளையும் பூட்ட வேண்டும். ஆனால் அப்படிச் செய்த கணமே முந்தைய முடிச்சுக்குத் திரும்பிவிடுகிறோம். புயலுக்கு அசையாதபடி கட்டினால், சட்டத்தின் பார்வையில் அது அசையாச் சொத்தை நோக்கிப் போகிறது. அசையும் சொத்தாகவே விட்டால், புயலில் நிஜமாகவே அசைந்துவிடும். உள்ளே தூங்குவது காசு கொடுத்து வந்த விருந்தாளி என்பதால், இதில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை.

இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீடுகளுக்கான ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ பாலிசி, குடியிருக்கும் வீட்டுக்கானது. தினக் கட்டணத்துக்கு விடும் பெட்டிக்குத் தொழில் சொத்துக்கான பாலிசி தேவை. பெட்டி எதன் மேல், எப்படிப் பூட்டப்பட்டிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லி எடுக்க வேண்டும். இல்லையென்றால் க்ளைம் கேட்கும் நாளில் சிக்கல் வரும்.

உப்புக் காற்றும் வெயிலும்

குயிலாப்பாளையத்தில் இருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். கடலின் உப்பும் சுட்டெரிக்கும் வெயிலும் சேர்ந்துதான் அங்கே தொழிலே நடக்கிறது. இதே இரண்டும் இரும்புப் பெட்டிக்கு எதிரி.

கப்பல் கன்டெய்னர்கள் ‘கோர்ட்டன்’ என்ற வகை எஃகில் செய்யப்படுபவை. மேலே படியும் மெல்லிய துருவே உள்ளிருக்கும் எஃகைக் காக்கும் என்பது இதன் சிறப்பு. ஆனால் உப்புக் காற்று தொடர்ந்து படும் இடத்தில் அந்தப் பாதுகாப்புப் படலம் நிலைப்பதில்லை, துரு உள்ளே இறங்கிக்கொண்டே போகும். ஜன்னலுக்கும் கதவுக்கும் வெட்டிய ஓரங்களில்தான் முதலில் ஆரம்பிக்கும். அதோடு, கன்டெய்னரின் நெளிநெளியான பக்கச் சுவர்தான் அதன் பலத்தில் முக்கியப் பங்கு. பெரிய கண்ணாடி ஜன்னலுக்காக அதை வெட்டினால், சுற்றி இரும்புச் சட்டம் கொடுத்துப் பலப்படுத்த வேண்டும். பழைய பெட்டியின் பிளைவுட் தரையில் பூச்சி மருந்து ஏற்றியிருப்பது வழக்கம். மனிதர்கள் தங்கப்போகும் பெட்டி என்றால் அதை மாற்றிவிடுவது நல்லது.

வெயில் இன்னொரு பக்கம். வெப்பத்தடுப்பு இல்லாத இரும்புப் பெட்டி மே மாதத்தில் அடுப்புதான். ராக் வூல் அல்லது பஃப் பேனல், மேலே காற்றோட்டம் விட்டுத் தனிக் கூரை, ஏ.சி. எல்லாம் வேண்டும். இவை பெட்டி விலையில் சேர்ந்திருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

பிறகு தண்ணீர். கடலோரத்தில் போர்வெல்லை ஆழமாக இறக்கி அதிகம் உறிஞ்சினால் உப்பு நீர் உள்ளே வரும். மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. இந்தப் பகுதியின் நீர்நிலைகள் எவ்வளவு முக்கியமானவை என்பதற்கு அதுவே சாட்சி. ஐந்து பெட்டி, ஐந்து ஷவர், ஒரு குட்டி நீச்சல் குளம் என்று போகும்போது, பக்கத்து வீட்டுக் கிணறும் அதே நிலத்தடி நீரைத்தான் நம்பியிருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. ஊர்க்காரர்களோடு தகராறு வரும் இடங்களில் இது முக்கியமானது.

யாருடைய நிலம், எந்த எல்லை?

இந்த வட்டாரத்தில் நிலம் பார்ப்பவர்கள் குறைந்தது மூன்று கோடுகளைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். குயிலாப்பாளையம் ஊர் கடலை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது. ஆனால் ‘பீச் வியூ’ என்று காட்டப்படும் இடங்கள் பொம்மையார்பாளையம், சின்ன முதலியார்சாவடி, கீழ்புத்துப்பட்டு, அனுமந்தை என்று கரையை ஒட்டியே இருக்கும். உயர் அலைக் கோட்டில் இருந்து 500 மீட்டர் வரை ஒழுங்குமுறை மண்டலம். 2011 அறிவிக்கையின்படி கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டர், வளர்ச்சித் தடை மண்டலம். 2019 அறிவிக்கை, மக்கள் அடர்த்தி சதுர கிலோமீட்டருக்கு 2,161-க்கு மேல் உள்ள பகுதிகளில் இதை 50 மீட்டராகக் குறைத்தது. ஆனால் மாநிலத்தின் கடற்கரை மேலாண்மைத் திட்டம் அதன்படி ஒப்புதல் பெற்ற பிறகே அது பொருந்தும். உள்ளூர் மக்கள் தங்கள் வீட்டில் ‘ஹோம் ஸ்டே’ நடத்தவும் வழி உண்டு. ஆனால் அது ஏற்கெனவே இருக்கும் வீட்டின் அடித்தளப் பரப்பையும் வடிவத்தையும் மாற்றாமல். பக்கத்தில் புதிதாக ஒரு பெட்டி இறக்குவதற்கு அது அனுமதி அல்ல. போதாக்குறைக்கு, 1980-களின் இறுதியில் புதுச்சேரி துறைமுகத் தடுப்புச் சுவர்கள் வந்த பிறகு அதற்கு வடக்கே உள்ள கரைகளைக் கடல் அரித்து வருகிறது.

இரண்டு, மாநில எல்லை. பொம்மையார்பாளையத்தைத் தாண்டிப் போனால் வரும் காலாப்பட்டு, புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. மறுபடி கொஞ்ச தூரத்தில் தமிழ்நாடு. ஒரே சாலை, ஆனால் பத்திரச் செலவு, கட்டட அனுமதி, உரிமம் எல்லாம் வேறு வேறு. ‘பாண்டிக்குப் பக்கத்துல’ என்ற விளம்பரத்தை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது.

மூன்று, ஆரோவில். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ஆரோவில் அறக்கட்டளையின் நிலங்களும் தனியார் நிலங்களும் இங்கே கலந்து கிடக்கின்றன. சர்வே எண், பட்டா, வில்லங்கச் சான்றிதழ், நிலம் புறம்போக்கா கோயில் நிலமா என்ற விவரம் எல்லாவற்றையும் பார்க்காமல் குத்தகைக்குப் பேசக் கூடாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்யாத 11 மாத ஒப்பந்தத்தை நம்பிப் பத்து லட்சத்தை இறக்குவது, நில உரிமையாளரின் மனநிலையை நம்பி முதலீடு செய்வது போலத்தான்.

ஒரு பெட்டி, ஒரு வருடம்: கணக்கு

கீழே இருப்பவை மாதிரி எண்கள். உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களை வைத்து இதே வரிசையில் நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

பெட்டி 8 லட்சம் ரூபாய். அடித்தளம், செப்டிக் டேங்க், தண்ணீர், மின் இணைப்பு 3 லட்சம். மொத்த முதலீடு 11 லட்சம். ஓர் இரவுக் கட்டணம் 2,500 ரூபாய்.

வருடத்தில் எத்தனை இரவு ஆள் இருப்பார்கள்? எல்லா வெள்ளி, சனி இரவும் நிரம்பினாலே 104 இரவுதான், அதாவது 28 சதவீதம். சீசனையும் சேர்த்து 35 சதவீதம் என்று வைத்தால் 128 இரவு. வசூல் 3,20,000 ரூபாய்.

இனி செலவு. புக்கிங் தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் 48,000. சுத்தம் செய்ய, துணி துவைக்க இரவுக்கு 400 வீதம் 51,200. பராமரிப்பாளருக்கு மாதம் 8,000 வீதம் 96,000. நிலக் குத்தகை மாதம் 5,000 வீதம் 60,000. மின்சாரம் 24,000. பெயின்ட், துரு வேலை, இன்சூரன்ஸ் 35,000. மொத்தம் 3,14,200.

கையில் நிற்பது 5,800 ரூபாய். மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு.

நன்றாக ஓடுகிறது, 50 சதவீதம், அதாவது 182 இரவு என்று வைத்துக்கொள்வோம். வசூல் 4,55,000. கமிஷனும் சுத்தச் செலவும் ஏறும், மற்றவை அப்படியே. கையில் 98,950 நிற்கும். 11 லட்சத்துக்கு 9 சதவீதம். பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் இது தேய்மானம் கழிக்காத கணக்கு. 12 வருடம் கழித்துப் பெட்டி ஒன்றரை லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால், வருடத்துக்கு 54,000 ரூபாய் கரைகிறது. அடித்தளத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் போட்ட 3 லட்சம் குத்தகை முடிந்ததும் நிலத்துக்காரருக்கே. அது வருடத்துக்கு 25,000. இரண்டையும் கழித்தால் மிச்சம் சுமார் 20,000. அதாவது 2 சதவீதம்கூட இல்லை. வங்கி ஃபிக்ஸட் டெபாசிட் இதைவிட மேல், அதற்குத் துருவும் பிடிக்காது.

இப்போது அதே பெட்டியை, குயிலாப்பாளையத்தில் சொந்த நிலத்தில் குடியிருக்கும் ஒரு குடும்பம் போடுகிறது என்று பாருங்கள். குத்தகை இல்லை, பராமரிப்பாளர் சம்பளம் வெளியே போகாது. 50 சதவீதம் ஆள் வந்தால், தேய்மானம் போகவும் சுமார் 1,76,000 ரூபாய் நிற்கும். முதலீட்டில் 16 சதவீதம். 35 சதவீதம்தான் என்றாலும் 7.5 சதவீதம் தேறும்.

பெட்டி அதே பெட்டி, விருந்தாளியும் அதே விருந்தாளிதான். வித்தியாசம், நிலம் யாருடையது, காலையில் எழுந்து பெருக்குவது யார் என்பதில் இருக்கிறது. இந்தத் தொழிலின் வருமானத்தில் பெரும்பங்கு நிலத்துக்கும் உழைப்புக்குமான கூலி. அவை இரண்டும் இல்லாமல் தூரத்தில் உட்கார்ந்து பணம் மட்டும் போடுபவருக்கு மிஞ்சுவது தேயும் இரும்பு.

என்னென்ன பதிவு, வரி?

வருடச் சேவை வருமானம் 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். ஓர் இரவுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதம். பதிவு இல்லாதவர் ஆன்லைன் தளம் வழியாக வாடகைக்கு விட்டால், அந்தத் தளமே வரியை வசூலித்துக் கட்ட வேண்டும். தினக் கட்டணத்துக்கு விடும் இடத்துக்கு வீட்டு மின் இணைப்பு பொருந்தாது, வணிக இணைப்பு வாங்க வேண்டும். 100 யூனிட் இலவசம் என்ற கணக்கெல்லாம் இங்கே வராது.

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ‘பெட் அண்ட் பிரேக்ஃபாஸ்ட்’ திட்டத்தில், உரிமையாளர் குடும்பம் அங்கேயே குடியிருக்க வேண்டும், அதிகபட்சம் 6 அறைகள் என்பது விதி. ஆள் இல்லாத தோப்பில் நிற்கும் பெட்டி இதற்குள் வராது. வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் தர வேண்டும். ஆரோவில் பக்கத்தில் தொழில் செய்பவர்கள் இதை விட்டுவிடவே முடியாது.

‘உத்தரவாத வாடகை’ என்றால் உஷார்

“நீங்க எதுவுமே செய்ய வேண்டாம். பெட்டிக்குப் பணம் கட்டுங்க, நாங்களே நடத்தி மாசம் இவ்வளவு தர்றோம்” என்று யாராவது சொன்னால், இரண்டு அடி பின்னால் போய் நிற்பது நல்லது. பலரிடம் பணம் திரட்டி, நிர்வாகத்தை ஒருவரே கையில் வைத்துக்கொண்டு லாபம் தருவதாகச் சொல்லும் ஏற்பாடு, ‘கூட்டு முதலீட்டுத் திட்டம்’ என்ற வகைக்குள் வரக்கூடும். அதற்கு செபியின் பதிவு வேண்டும். முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்களை 2019-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதை தெரியும். 2012-ல் பெருந்துறையை மையமாக வைத்து ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது, மாதா மாதம் உத்தரவாதத் தொகை என்று நம்பிப் பணம் கட்டியவர்கள் தெருவில் நின்றார்கள். அங்கேயும் கோழி நிஜம்தான், கண்ணால் பார்க்கவும் முடிந்தது. கோழிக்குச் சந்தை இருக்கிறதா என்பதைத்தான் யாரும் கேட்கவில்லை. பெட்டி கண் முன்னால் நிற்கிறது என்பது, வாடகை வரும் என்பதற்கு ஆதாரம் ஆகாது. கேட்க வேண்டியது இதைத்தான்: இப்போது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெட்டியின் கடந்த 12 மாத புக்கிங் பட்டியலையும் வங்கிக் கணக்கையும் காட்ட முடியுமா?

யாருக்கு ஒத்துவரும்?

ஊரில் சொந்த நிலமும், அங்கேயே இருந்து பார்த்துக்கொள்ள அப்பா, அம்மா, அண்ணன், தங்கை என யாராவதும் இருந்தால், அனுமதிகள் ஒழுங்காக வாங்கி ஒரு பெட்டியில் தொடங்கிப் பார்க்கலாம். அப்போதும் பொறியாளர் கையெழுத்திட்ட அடித்தள வரைபடம் இல்லாமல் இறக்கக் கூடாது. அடித்தளம் போட்டே ஆக வேண்டும் என்றான பிறகு, அதே காசில் சுட்ட செங்கல்லோ அழுத்திய மண்கல்லோ வைத்து இரண்டு அறை கட்டினால் எவ்வளவு ஆகும் என்றும் ஒரு கொட்டேஷன் வாங்கிப் பார்க்க வேண்டும். அழுத்திய மண்கல் கட்டுமானத்தில் ஆரோவில்லுக்கு நீண்ட அனுபவம் உண்டு. வெயிலுக்கும் உப்புக்கும் அது இரும்பைவிட ஒத்துப்போகும்.

நிலம் இல்லை, ஊரில் ஆளும் இல்லை, சேமிப்பு பத்து லட்சம் மட்டும்தான் இருக்கிறது என்பவர்கள் பணம் கட்டும் முன் மூன்று காகிதங்களைக் கையில் வாங்கிப் பார்க்கட்டும்: பதிவு செய்த குத்தகைப் பத்திரம், ஊராட்சி மற்றும் திட்டமிடல் துறையின் அனுமதி, பெட்டியை எப்படிப் பூட்டுவது என்று சொல்லும் பொறியாளரின் வரைபடம். இவற்றில் ஒன்று இல்லை என்றாலும், அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.